பழைய குழாய் வாங்குவோர் கவனிக்க வேண்டிய ஓர் அளவை

சில வருடங்களுக்கு முன்னர் தரகர் ஒருவர் எனது கடைக்கு வந்தார். வளைகுடா நாடொன்றிலிருந்து ஒரு கொள்கலன் நிறையப் பழைய குழாய்கள் வருவதாகவும், அத்தனையும் மூட்டில்லாத நாலரை அங்குலக் குழாய்கள் என்றும், விலை சந்தை விலையில் மூன்றில் இரண்டு பங்குதான் என்றும் சொன்னார். பழைய இரும்பும் குழாயும் எமக்கு வாப்பா காலத்துத் தொழில். அப்படியான குழாய் வேலித் தூணுக்குப் போகும், கூரைத் தாங்கிக்குப் போகும், வயல்கரைப் பாலத்துக்கும் போகும். வாங்குவதற்கு ஆள் தேட வேண்டியதில்லை. நான் பாதி மனதுடன் சம்மதித்தும் விட்டேன்.

அன்றிரவு எனது மச்சானிடம் இதைப் பற்றிக் கதைத்தேன். அவர் வளைகுடாவில் எண்ணெய் வயல் உபகரணங்கள் திருத்தும் முற்றமொன்றில் 14 வருடங்கள் வேலை செய்தவர். விலையையோ தடிப்பையோ அவர் விசாரிக்கவில்லை. “உள்ளுக்கு வெள்ளையா கல்லு மாதிரி புடிச்சு ஈக்குதா, மச்சான்?” என்று மட்டும் கேட்டார். படத்தைக் காட்டினேன். குழாயின் வாயில் சுண்ணாம்பு பூசியது போல ஒரு படை தெரிந்தது. “அளந்த பேப்பர் இல்லாம கையே வெக்க வாணாம்” என்றார்.

மறுநாள் தரகரிடம் அந்தப் பத்திரத்தைக் கேட்டேன். “ஹாஜியார், இவ்வளவு காலமா விக்கிறன், இப்படி ஒரு பேப்பர ஒருத்தரும் கேட்டதில்ல” என்று சிரித்துவிட்டுப் போனார். அந்தச் சரக்கு வேறொருவரிடம் போயிருக்கும். இலாபம் கைநழுவியது பற்றி எனக்குப் பெரிய கவலையில்லை. “ஒருத்தரும் கேட்டதில்ல” என்ற அந்த வார்த்தைதான் இந்தப் பத்தியை எழுதத் தூண்டியது.

மச்சான் சொன்ன பத்திரம் கதிரியக்க அளவைப் பத்திரமாகும். அணு உலையோ ஆயுதமோ சம்பந்தப்பட்ட விடயம் என்று எவரும் பயப்பட வேண்டாம். பூமியில் இயற்கையாகவே உள்ள கதிரியக்கப் பொருட்கள் எண்ணெயோடும் எரிவாயுவோடும் மேலே வந்து குழாயிலும் தாங்கியிலும் தங்கிவிடுகின்றன. அவற்றை அளப்பது எண்ணெய் உலகில் இன்று வழமையான வேலை. ஆனால் அந்த உலகம் பாவித்துக் கழித்த இரும்பை வாங்கி விற்கும் எம்மைப் போன்றவர்களிடம் அந்த அறிவு வந்து சேரவில்லை.

குழாய்க்குள் எப்படி வந்தது?

நிலத்தடிப் பாறைகளில் யுரேனியமும் தோரியமும் சிறிதளவு எப்போதும் உண்டு. அவை பாறையை விட்டு இலகுவில் நகர்வதில்லை. ஆனால் அவை சிதையும்போது உண்டாகும் ரேடியம் அப்படியல்ல. எண்ணெய் இருக்கும் ஆழத்தில் உள்ள உப்பு நீரில் அது கரைந்துவிடும். கிணற்றிலிருந்து எண்ணெய் மட்டும் வருவதில்லை, அந்த நீரும் சேர்ந்தே வருகிறது. கிணறு பழசாகப் பழசாக நீரின் பங்கு கூடிக்கொண்டே போகும்.

மேலே வரும்போது அழுத்தமும் வெப்பமும் குறைகின்றன. அத்தோடு, எண்ணெயை மேலே தள்ளுவதற்காகச் சில வயல்களில் கடல் நீரைக் கீழே செலுத்துகிறார்கள். கடல் நீரில் சல்பேற்று இருக்கிறது, ஆழத்து நீரில் பேரியம் இருக்கிறது. இரண்டும் சந்தித்தால் பேரியம் சல்பேற்று என்ற கல் போன்ற படிவு குழாயின் உட்சுவரில் பிடித்துக்கொள்ளும். ரேடியம் இரசாயனக் குணத்தில் பேரியத்தின் உடன்பிறப்பு. எனவே பேரியம் படியும் இடத்தில் ரேடியமும் சேர்ந்து படிகிறது. கேத்தலின் அடியில் உப்புப் படிவதைப் போன்றதுதான் இது. வித்தியாசம் என்னவென்றால், இந்தப் படிவில் உள்ள ரேடியம்-226 பாதியாகக் குறைவதற்கு 1600 வருடங்கள் எடுக்கும்.

எண்ணெயிலும் எரிவாயுவிலும் கதிரியக்கம் உண்டென்பது 1904ஆம் ஆண்டளவிலேயே கனடாவில் அறியப்பட்ட விடயம். ஆனால் தொழிலாளியின் சுகாதாரப் பிரச்சினையாக அதை எடுத்துக்கொண்டது 1980களில்தான். முதலில் வட கடல் எண்ணெய் மேடைகளில் கவனிக்கப்பட்டது. 1986இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், கிணறொன்றில் நடந்த வழமையான திருத்த வேலையின்போது கழற்றப்பட்ட குழாய்களில் ரேடியம் கலந்த படிவு கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு முன்னர் அப்படியான குழாய்கள் வேலிகளாகவும், மாட்டுப் பட்டிகளாகவும், சிறுவர் விளையாட்டு உபகரணங்களாகவும், வெல்டிங் பழகும் பிள்ளைகளின் பயிற்சிப் பொருளாகவும் போய்ச் சேர்ந்திருந்தன. அதாவது, எமது கடைகளிலிருந்து குழாய்கள் போகும் அதே இடங்களுக்கு.

ஒரு காணியின் கதை

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், நியூ ஒர்லியன்ஸ் நகருக்கு எதிர்க்கரையில் ஹார்வே என்ற ஊர் இருக்கிறது. அங்கு ஒரு நீதிபதியும் அவரது குடும்பத்தினரும் தமது காணியைக் குழாய் சுத்திகரிக்கும் கம்பனியொன்றுக்கு வாடகைக்குக் கொடுத்திருந்தனர். எண்ணெய்க் கம்பனிகள் அனுப்பும் பாவித்த குழாய்களின் உட்படிவைச் சுரண்டி எடுப்பதே அந்தக் கம்பனியின் தொழில். சுரண்டிய தூள் பல வருடங்களாக நிலத்திலேயே விழுந்து மண்ணோடு கலந்தது. அது கதிரியக்கம் உள்ளதென்று பின்னர்தான் தெரியவந்தது.

காணிக்காரர்கள் எக்ஸோன் மொபில் கம்பனிக்கு எதிராக வழக்காடினார்கள். 2001ஆம் ஆண்டு ஜூரிகள், நிலத்தைச் சீராக்குவதற்கென சுமார் 56 மில்லியன் டொலரும், தண்டனை நட்டஈடாக ஆயிரம் மில்லியன் டொலரும் வழங்க வேண்டுமெனத் தீர்ப்பளித்தனர். 2005இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தண்டனைத் தொகையைச் சுமார் 112 மில்லியன் டொலராகக் குறைத்தது.

தொகையின் பருமனுக்காக நான் இதைச் சொல்லவில்லை. இந்தக் கதையில் மூன்று தரப்பார் இருக்கிறார்கள். குழாயை அனுப்பியவர் பெரிய கம்பனி. சுத்தம் செய்தவர் நடுத்தர வியாபாரி. காணியைக் கொடுத்தவர் வாடகை வாங்கியதைத் தவிர வேறு எதுவும் செய்யாதவர். முதலாமவரிடம் ஆய்வுகூடமும் நிபுணர்களும் இருந்தார்கள். மற்ற இருவரிடமும் ஒரு மானி கூட இருந்ததாகத் தெரியவில்லை. தகவல் மேலே நின்றுவிட்டது, தூள் மட்டும் கீழே இறங்கியது. இரும்பு முற்றத்துக்குக் காணி வாடகைக்குக் கொடுத்திருக்கும் எமது அன்பர்கள் இதைச் சற்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

அளப்பது எப்படி?

இங்குதான் பலரும் தடுமாறுகிறார்கள். முதலில் இரண்டு அலகுகளைப் பிரித்தறிய வேண்டும். ஒரு பொருளில் எவ்வளவு கதிரியக்கம் இருக்கிறது என்பதை பெக்கரலில் சொல்வார்கள். அது உடம்புக்கு எவ்வளவு சேதம் தரும் என்பதை சீவேட்டில் சொல்வார்கள். செத்தல் மிளகாயை உதாரணமாக எடுங்கள். எத்தனை கிலோ என்பது ஒரு கணக்கு, நாக்கில் எவ்வளவு உறைக்கும் என்பது வேறு கணக்கு. தரகர் ஒருவர் ஒன்றைக் காட்டி மற்றதைச் சொல்ல முற்பட்டால் உஷாராகிவிட வேண்டும்.

முற்றத்தில் செய்யும் முதல் வேலை, கையில் பிடிக்கும் மானியால் பார்ப்பது. குழாயின் அருகே போவதற்கு முன்னர், தூரத்தில் வெறும் நிலத்தில் நின்று சூழலின் அளவை எடுக்க வேண்டும். ஏனென்றால் கதிர்வீச்சு இல்லாத இடம் பூமியில் எங்கும் இல்லை. உலக சராசரியில் ஒரு மனிதன் வருடத்துக்கு 2.4 மில்லிசீவேட் அளவை இயற்கையிலிருந்தே பெறுகிறான். எமது நாட்டிலும் பேருவளைக் கரையோரத்திலும் புல்மோட்டையிலும் தோரியம் கொண்ட மொனசைற்று மணல் இருப்பது தெரிந்த விடயம். எனவே வெறும் வாசிப்பு எதையும் சொல்லாது. சூழலைவிட எவ்வளவு கூட என்பதே கேள்வி.

பின்னர் மானியைக் குழாயின் மேற்பரப்புக்கு மிக அருகில் வைத்து மெதுவாக நகர்த்த வேண்டும். வளைவுகள், வால்வுகள், தாங்கியின் அடிப்பகுதி, நீரையும் எண்ணெயையும் பிரிக்கும் கலத்தின் அடிச்சேறு ஆகியவையே முக்கியமான இடங்கள். அவசரமாக வீசிப் பார்த்தால் எதுவும் அகப்படாது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், சூழல் அளவையும் சேர்த்து மணிக்கு 50 மைக்ரோ ரொஞ்சன் என்பதை உபகரணங்களுக்கான எல்லையாக வைத்திருக்கிறார்கள்.

ஆனால் வெளியே நின்று அளப்பதில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. இரும்புச் சுவரைத் தாண்டி வருவது காமாக் கதிர் மட்டுமே. அல்பா, பீற்றாக் கதிர்களைக் குழாயின் தடிப்பே தடுத்துவிடும். ரேடியம் படிந்த எண்ணெய்க் குழாயில் காமா வரும், எனவே மானி காட்டிக் கொடுத்துவிடும். எரிவாயு உபகரணத்தின் கதை வேறு. எரிவாயுவோடு வருவது ரேடன் என்ற வாயு. அது 3.8 நாட்களில் பாதியாகிவிடும். அதன் வழித்தோன்றலான ஈயம்-210 மிக மெல்லிய படலமாக உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும். அது பாதியாவதற்கு 22 வருடங்கள் செல்லும். ஆலை ஓடும்போது வெளியே மானி வைத்தால் முள் ஏறும். நிறுத்திச் சில மணித்தியாலங்களில் ரேடனின் குறுகிய ஆயுள் வழித்தோன்றல்கள் மறைந்துவிட, முள் இறங்கிவிடும். ஈயம்-210 மட்டும் உள்ளே சத்தமில்லாமல் இருக்கும். கழற்றி, வாயைத் திறந்து, பீற்றாக் கதிரை உணரும் தட்டையான முனையை உள்ளே பிடித்தால்தான் அது தெரியவரும்.

ரேடன் எந்த இடத்தில் கூடுதலாகச் சேரும் என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அதன் கொதிநிலை ஈதேனுக்கும் புரொப்பேனுக்கும் இடைப்பட்டது. ஆகவே எரிவாயுவைப் பிரிக்கும் ஆலைகளில் புரொப்பேன் ஓடும் பக்கத்துப் பம்பிகளிலும் வால்வுகளிலும் அது குவிகிறது. அந்தப் பம்பிகள் பார்ப்பதற்குப் பளபளப்பாக இருக்கும். கல் படிவும் இராது. பழைய பம்பி வாங்கித் திருத்தி விற்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். “வெளியே அளந்தோம், ஒன்றுமில்லை” என்ற பத்திரம் எரிவாயு ஆலைச் சாமானுக்குப் போதாது.

மூன்றாவது படி ஆய்வுகூடம். படிவில் கொஞ்சத்தை எடுத்து, காற்றுப் புகாத கொள்கலனில் அடைத்து, சுமார் மூன்று நான்கு வாரங்கள் வைப்பார்கள். ரேடன் வெளியே போகாமல் தேங்கி, தாயும் பிள்ளைகளும் சமநிலைக்கு வந்த பிறகு, காமா நிறமாலைமானியில் வைத்துக் கணக்கெடுப்பார்கள். ஒரே நாளில் பத்திரம் எடுத்துத் தருகிறேன் என்று எவராவது சொன்னால், அந்தப் பத்திரத்தில் என்ன அளந்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

சர்வதேச அணுசக்தி முகவரகம் இயற்கைப் பொருட்களுக்கு ஒரு கிராமுக்கு 1 பெக்கரல் என்பதை எல்லைக் கோடாகக் காட்டுகிறது. அதற்குக் கீழே இருந்தால் பொதுவாகக் கட்டுப்பாடு தேவையில்லை. சாதாரண மண்ணில் ரேடியம்-226 ஒரு கிராமுக்குச் சுமார் 0.03 பெக்கரல்தான். எண்ணெய்க் குழாயின் கடினமான படிவிலோ 0.1 முதல் 15,000 பெக்கரல் வரை காணப்பட்டதாக அதே முகவரகம் 2003இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. இந்த இடைவெளியை நன்றாகக் கவனியுங்கள். ஒரு குழாயின் படிவு எல்லைக் கோட்டுக்குப் பத்து மடங்கு கீழே இருக்கலாம், இன்னொன்று ஆயிரக்கணக்கான மடங்கு மேலே இருக்கலாம். இரண்டும் ஒரே வெள்ளை நிறம். கண்ணால் பார்த்து எவரும் சொல்ல முடியாது.

பயமும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்

எல்லாப் பழைய குழாயும் நஞ்சு என்று நான் சொல்லவில்லை. 1989இல் அமெரிக்கப் பெற்றோலியக் கழகம் வெளியிட்ட பெரிய அளவீட்டில், எண்ணெய் உபகரணங்களிலும் எரிவாயு உபகரணங்களிலும் பாதிக்கு மேற்பட்டவை சூழல் மட்டத்திலேயே இருந்தன. படிவுள்ள குழாயின் பக்கத்தில் நின்றதற்காக எவரும் விழுந்துவிடப் போவதில்லை. ஆபத்து அதை வெட்டும்போதும், அரைக்கும்போதும், சுரண்டும்போதும் இருக்கிறது. தூள் பறந்து மூக்கு வழியாக நெஞ்சுக்குள் போனால், அல்லது கை வழியாக வாய்க்குள் போனால், அது உள்ளே தங்கிவிடும். ரேடியம் எலும்பை நாடிப் போகும் பொருள். இதனால் வரும் கெடுதி அடுத்த நாள் தெரியாது, வருடங்கள் கழித்துத்தான் தெரியும்.

தில்லியின் மாயாபுரிப் பழைய இரும்புச் சந்தையில் 2010இல் நடந்தது வேறு வகை. அங்கு வந்தது ஆய்வுகூடமொன்றிலிருந்து ஏலம் விடப்பட்ட கோபால்ட்-60 கொண்ட இயந்திரம். அதன் கதிர்வீச்சு மிகக் கடுமையானது, ஓர் உயிரும் பறிபோனது. குழாய்ப் படிவை அதனோடு ஒப்பிடக் கூடாது. ஆனால் இரண்டுக்கும் பொதுவான ஒன்று உண்டு. சரக்கு எங்கிருந்து வந்தது, உள்ளே என்ன இருக்கிறது என்று வாங்கியவர் கேட்கவில்லை.

எனது களஞ்சியத்தில் கூரையைத் தாங்கி நிற்கும் எட்டுத் தூண்களும் வாப்பா காலத்தில் வாங்கிய பழைய குழாய்கள். எங்கிருந்து வந்தவை என்று எந்தப் பில்லிலும் இல்லை. என்னிடம் இருபது வருடங்கள் காஸ் வெட்டு வேலை செய்த ஒரு மனிதர், அப்படியான குழாய்களை வாயில் ஒரு துணி கூடக் கட்டாமல் வெட்டியவர். பகல் சாப்பாட்டையும் அந்த இடத்திலேயே விரித்துச் சாப்பிட்டவர். மச்சானோடு கதைத்த அந்த இரவு, தரகரின் கொள்கலனை விட அந்த மனிதரின் முகம்தான் என் கண்ணில் நின்றது.

பின்னர் விடயம் தெரிந்த ஒருவரை அழைத்துத் தூண்களையும், மூலையில் கிடந்த துண்டுகளையும், வெட்டும் இடத்து மண்ணையும் அளந்து பார்த்தேன். எதிலும் முள் சூழல் அளவைத் தாண்டவில்லை. அந்த மனிதரின் வீட்டுக்குப் போய் விடயத்தைச் சொன்னேன். “முதலாளி, இதப் பாக்கவா இவ்வளவு தூரம் வந்தீங்க?” என்று தேத்தண்ணி தந்து அனுப்பினார். எனக்கு நிம்மதிதான். ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இருபது வருடங்களாக நான் கவனமாக இருந்ததனால் அந்த முள் அசையாமல் நிற்கவில்லை. எனக்கு வந்த சரக்கு அப்படி அமைந்தது, அவ்வளவுதான்.

என்ன செய்யலாம்?

எமது நாட்டில் 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின் கீழ், ஒழுங்குறுத்துகைப் பேரவை ஒன்றும் அணுசக்திச் சபை ஒன்றும் தனித்தனியே அமைக்கப்பட்டுள்ளன. அளவைச் சேவை எமக்குப் புதிய விடயமல்ல. செர்னோபில் விபத்துக்குப் பின்னர் இறக்குமதிப் பால்மாவின் கதிரியக்கத்தை அளந்து பார்த்த நாடு இது. கொழும்புத் துறைமுகத்தில் 2004இல் அமெரிக்காவோடு செய்த உடன்படிக்கையின் கீழ், கொள்கலன்களைப் பரிசோதிக்கும் கதிர்வீச்சு வாயில்கள் நிறுவப்பட்டன. இப்படியான வாயில்கள் தரை ஓட்டுக்கும், கருங்கல்லுக்கும், பொற்றாசிய உரத்துக்கும் கூட மணியடிக்கக்கூடியவை. ஆனால் எல்லாப் பாரத்தையும் வாயிலின் மீது போட முடியாது. இரும்பு நிறைந்த கொள்கலனின் நடுவில் கிடக்கும் ஒரு துண்டின் கதிரைச் சுற்றியுள்ள இரும்பே மறைத்துவிடலாம். ஈயம்-210 படலமோ வாயிலுக்குத் தென்படவே மாட்டாது. அப்படியே மணியடித்தாலும், சரக்கு தடுக்கப்பட்டுத் திருப்பி அனுப்பும் செலவும் தாமதக் கட்டணமும் வாங்கியவரின் தலையில்தான் விழும்.

எனவே எனது தாழ்மையான அபிப்பிராயம் இதுதான். எண்ணெய் வயல் சாமான் வாங்கும் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் ஒரு வரி சேர்க்கப்பட வேண்டும். சரக்கு எந்த வகை ஆலையிலிருந்து வந்தது, உள்ளும் புறமும் அளக்கப்பட்டதா, சூழல் அளவு எவ்வளவு, கூடியபட்ச வாசிப்பு எவ்வளவு, எந்த மானியால் எந்தத் திகதியில் அளந்தார்கள் என்பவை அதில் இருக்க வேண்டும். இங்கு வந்த பின்னர் எல்லைக்கு மேல் காணப்பட்டால் திருப்பி அனுப்பும் செலவு விற்றவருடையது என்றும் எழுதிக்கொள்ள வேண்டும். இந்த வரிக்குச் சம்மதிக்காதவரின் சரக்கு மலிவாக இருப்பதன் காரணம் அப்போதே விளங்கிவிடும்.

இரண்டாவது, நல்ல மானி ஒன்று சிறு கடைக்காரருக்குத் தனியே வாங்கக் கட்டுப்படியாகாது. ஆனால் ஒரே தெருவில் இரும்பும் குழாயும் விற்கும் இருபது கடைகள் சேர்ந்தால் அது பெரிய தொகையல்ல. ஓர் இளைஞரை முறையாகப் பயிற்றுவித்து, வருடம் ஒருமுறை மானியைச் சரிபார்த்து வைத்தால் எல்லோருக்கும் பொதுவில் உதவும். தராசுக்கு முத்திரை குத்தி வைப்பது போலத்தான் இதுவும். சரிபார்க்காத மானி, முத்திரையில்லாத தராசை விட மோசமானது. ஏனெனில் அது தைரியத்தைக் கொடுத்து ஏமாற்றும்.

மூன்றாவது, படிவுள்ள குழாய் கையில் இருந்தால் அளக்கும் வரை வெட்டக் கூடாது, சுரண்டக் கூடாது. வாய்களை மூடிக் கட்டி, ஒதுக்கி வைத்து, பேரவைக்கு அறிவிப்பதே முறை. இதற்கான ஒரு பக்க வழிகாட்டியைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டு இரும்புக் கடைகளுக்கு விநியோகிக்குமாறு சம்பந்தப்பட்டவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. 2011இல் மன்னார்க் கடற்படுகையில் எரிவாயு கண்டுபிடிக்கப்பட்டது. அது இன்னும் மேலே எடுக்கப்படவில்லை. என்றாவது எடுக்கப்பட்டால், குழாயும் பம்பியும் வால்வும் கழிவாகக் கரைக்கு வரும், ஏலத்துக்கும் வரும். ஏலத்தில் முதலில் போய் நிற்பவர்கள் நாங்களாகத்தான் இருப்போம். அந்த நாளில் தரகர் “இந்தப் பேப்பர ஒருத்தரும் கேட்டதில்ல” என்று சொல்ல முடியாத நிலைமையை இப்போதே உருவாக்கிக்கொள்வோம். மானி வாங்கும் யோசனையில் சேர விரும்பும் கடைக்காரர்கள் தத்தமது தெரு வர்த்தகர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இந்த விடயத்தை எழுப்புங்கள். எங்கள் தெருக் கூட்டத்தில் நான் எழுப்பப் போகிறேன்.